டெல்லி டைரி: டை கட்டினவர், ஷூ துடைச்சவர், நடுவுல நாங்க

அரைப்பரீட்சை லீவுக்கு டெல்லி போனோம். நான், வீட்டுக்காரி, பையன், அம்மா எல்லாம் மதுரைல இருந்து ரயில்ல, அக்காவும் மச்சானும் கோயம்புத்தூர்ல இருந்து ஃப்ளைட்ல. ஆர்.கே.புரத்துல அத்தை வீடு இருக்கு. அன்னன்னைக்கு நைட்டு கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டு போன்ல தட்டினது இது, ஊருக்கு வந்து கொஞ்சம் சரி பண்ணேன், அவ்ளோதான்.

டிசம்பர் 24, 2025, புதன்

காலைல ஆறரை மணிக்கு வர வேண்டிய ரயில் பனில ஊர்ந்து ஊர்ந்து பதினோரு மணிக்கு மேல தான் நியூ டெல்லி வந்துச்சு. மதுராவுக்கு அப்புறம் ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்ல, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அம்மா மஃப்ளருக்கு மேல துண்டு, துண்டுக்கு மேல சேலை முந்தானைன்னு மூணு லேயர் போட்டுட்டாங்க.

பகார்கஞ்ச் பக்கம் வெளிய வரணும்னு படியேறிக்கிட்டு இருக்கோம், ஒருத்தர் வந்தாரு. டை கட்டி, கழுத்துல ஐடி கார்டு, ஷூ எல்லாம் பளபளன்னு. "வணக்கம் சார், சென்னையா?"ன்னாரு, அம்மா கைல இருந்த பையை அவரே வாங்கி மேல வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு. இந்த மரியாதை தான் முக்கியம், ரவுடி மாதிரி இருந்தா நாம உஷாராயிடுவோம்ல. அடுத்து எங்க போறீங்கன்னு கேட்டாரு, ஞாயித்துக்கிழமை ஆக்ராவுக்கு ரயில்னு பையன் உளறிட்டான். உடனே முகம் வாடிடுச்சு அவருக்கு. பனி சீசன்ல டிக்கெட்டை எல்லாம் ரீகன்ஃபர்ம் பண்ணணும் சார், சீல் வாங்கலேன்னா ஆட்டோமேட்டிக்கா கேன்சல், ஆஃபீஸ் கன்னாட் பிளேஸ்ல இருக்கு, இன்னைக்கு ஒரு மணிக்கு மூடிருவாங்க, ஆட்டோக்கு இருபது ரூபா தான், நானே ஏத்தி விடறேன்.

கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டுக்கு சீலும் கிடையாது, ரீகன்ஃபர்மும் கிடையாது, போன்ல மெசேஜும் ஒரு ஐடி ப்ரூஃபும் இருந்தா போதும். நான் சரி சார் இருங்க கேட்டுக்கறேன்னு அவர் முன்னாடியே ரயில்வே ஹெல்ப்லைன் 139 போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். அது ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆளை காணோம். நல்ல வேளை, பையை வச்சுட்டு போயிட்டாரு.

வெளிய டிராஃபிக் போலீஸ் ப்ரீபெய்ட் ஆட்டோ பூத். வரிசை பெருசு, லீவு சீசன்ல சொல்லவே வேணாம், வரிசைல நிக்கும்போதே நாலு பேரு காதுல வந்து "பூத் பந்த்"னு சொல்றாங்க, கண்ணு முன்னாடி ஆள் உக்காந்து சீட்டு கிழிச்சுக்கிட்டு இருக்காரு, இவங்க பாட்டுக்கு மூடியாச்சுங்கறாங்க. அத்தை போன்லயே சொல்லிட்டாங்க, "இறங்கற வரைக்கும் சீட்டை கைய விட்டு குடுக்காத டா, அதை காட்டினா தான் அவனுக்கு காசு வரும், முன்னாடியே குடுத்தியோ பாதி வழில இறக்கி விட்டுருவான்". சொன்ன மாதிரியே சாணக்யபுரி தாண்டறப்ப டிரைவர் கையை நீட்டினாரு. வீட்டு வாசல்ல தர்றேன்னேன். ஒண்ணும் கோவிச்சுக்கல, கேட்டு பாத்தேன்ங்கற மாதிரி சிரிச்சுட்டு ஓட்டினாரு.

அத்தை வீட்ல பச்சை பட்டாணி போட்ட சாம்பாரு, டெல்லி சிவப்பு கேரட் பொரியல், மிளகு ரசம். ரசத்தை டம்ளர்ல வாங்கி கையை சூடு பண்ணிக்கிட்டே குடிச்சோம்.

டிசம்பர் 25, வியாழன்

நேத்து நைட்டு நடந்தது இது, ஆனா முழுசா தெரிஞ்சது இன்னைக்கு காலைல தான்.

அத்தை வீடு ரெண்டே ரூம், அதனால அக்காவும் மச்சானும் கரோல் பாக்ல ஓட்டல் புக் பண்ணிருந்தாங்க. ஃப்ளைட் லேட், ஏர்போர்ட் விட்டு வெளிய வரும்போது மணி பன்னெண்டு. ஆப்ல கேப் கிடைக்கல, ஒருத்தர் வந்து எண்ணூறு ரூபான்னாரு, ஏறிட்டாங்க. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் போனை பாத்துட்டு ஐயோன்னாராம். கிறிஸ்துமஸ்க்கு விஐபி மூவ்மெண்ட், கரோல் பாக் ரோடு முழுக்க பேரிகேட், ரெண்டு மூணு தடவை சுத்தினாரு, நிஜமாவே ஒரு இடத்துல போலீஸ் பேரிகேட் இருந்துச்சாம் (டெல்லில எந்த நைட்டுல தான் இல்ல). ஓட்டலுக்கு போன் பண்ணி கேக்கலாம்னு சொல்லி ஓட்டல் பேரை கேட்டு அவரே நம்பர் போட்டு மச்சான் கைல குடுத்தாரு. அந்த பக்கம் பேசினவன் ரொம்ப வருத்தமா, சார் ஓவர் புக்கிங் ஆயிடுச்சு, உங்க ரூமை கேன்சல் பண்ணிட்டோம், காசு மூணு நாள்ல வந்துரும்னு சொல்லிருக்கான். மச்சான் நம்பிட்டாரு. ஓட்டல்காரனே சொல்றானே.

அவன் ஓட்டல்காரன் இல்ல, டிரைவரோட கூட்டாளி. இதுக்கு பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், புக்கிங் மெசேஜ்ல இருக்கற நம்பரை நம்ம போன்ல நாமளே போடணும். அவன் போட்டு குடுக்கற போன்ல யாரு பேசினாலும் அது அவன் ஆளு.

அப்புறம் கூட்டிட்டு போனது கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு ஆஃபீஸுக்கு. நடு ராத்திரில லைட்டு, ஹீட்டர், ஏலக்கா டீ. சுவத்துல கவர்மெண்ட் மாதிரியே போர்டு, பெரிய இந்தியா மேப். டெல்லில இன்னைக்கு எங்கயும் ரூம் இல்ல மேடம், இருக்கறது பதிமூணாயிரம் ரூபா ரூம் ஒண்ணு தான், அதுக்கு பதிலா நாளைக்கு காலைல ஸ்ரீநகர் போயிருங்களேன், படகு வீட்ல நாலு நாள், எல்லாம் சேத்து ஆளுக்கு இருபத்தெட்டாயிரம். டெல்லி பாக்க வந்தவங்களை காஷ்மீருக்கு தள்ளி விடறது இங்க ரொம்ப நாளா நடக்கற வியாபாரம்னு அத்தை சொல்றாங்க, வெள்ளைக்காரங்க நிறைய பேர் இப்படி படகு வீட்ல போய் உக்காந்துருக்காங்களாம்.

மச்சான் கார்டை எடுக்க போன நேரத்துல அக்கா பாத்ரூம் போறேன்னு போய் அத்தைக்கு போன் அடிச்சிருக்கா. அத்தை தூக்க கலக்கத்துல ஸ்பீக்கர்ல போட சொல்லி ஹிந்தில ஆரம்பிச்சாங்க பாருங்க. நாப்பது வருஷ டெல்லி ஹிந்தி. உன் ஆஃபீஸ் நம்பர் என்ன, எந்த பிளாக், மாடி எது, போலீஸ் 112க்கு அட்ரஸ் சொல்லணும்ல, சொல்லு. அவ்ளோ தான், கதவை திறந்து விட்டுட்டாங்க. ஆனா வெளிய நின்ன டிரைவர் நைட்டு சார்ஜ், வெயிட்டிங், பார்க்கிங் எல்லாம் சேத்து 2,800 ரூபா வாங்காம பெட்டிய எடுக்க விடல. மச்சான் ஒரு வார்த்தை பேசாம எண்ணி குடுத்தாரு. வேற கேப் பிடிச்சு கரோல் பாக் போனா ரோடு காலியா கெடக்கு, ரூமும் ரெடியா இருக்கு, ரிசப்ஷன்ல பையன் உங்களுக்காக தான் முழிச்சுட்டு இருக்கேன்னானாம்.

இன்னைக்கு மத்தியானம் எல்லாரும் கன்னாட் பிளேஸ் போனோம். ஆர்.கே.புரத்துல மெட்ரோ ஏறி ஹவுஸ் காஸ்ல மாறினா நேரா ராஜீவ் சௌக், அது தான் கன்னாட் பிளேஸ் ஸ்டேஷன். மெட்ரோல யாரும் நம்மளை ஏமாத்த முடியாது, 2025 ஆகஸ்ட்ல டிக்கெட் ரேட்டை ஏத்தினதுக்கு அப்புறமும் குறைஞ்சது 11 ரூபா, அதிகபட்சம் 64. கிறிஸ்துமஸ் கூட்டம், நடக்க இடமில்ல, சரவண பவன் வாசல்ல ஒரு மணி நேரம் வெயிட்டிங்னு சொன்னதும் திரும்பிட்டோம், டெல்லி வந்தும் இட்லி தானா.

இன்னர் சர்க்கிள்ல தூண் ஓரமா நடந்துட்டு இருக்கோம். பெட்டி மாட்டின ஒரு பையன் மச்சானை கூப்பிட்டு காலை காட்டினான். மச்சானோட புது ஷூ மேல, சரியா லேஸ் பக்கத்துல, பச்சையும் பழுப்புமா ஒரு உருண்டை. சாணி. மச்சான் மேல பாக்கறாரு, புறாவா இருக்குமோன்னு. புறா அவ்ளோ போடாது மச்சான், எருமை பறந்தா தான் உண்டு. மாடே போகாத பிளாட்ஃபார்ம், காலுக்கு அடில இல்ல, ஷூவோட தலைல விழுந்திருக்கு. எவனோ கூட்டத்துல பீச்சி அடிச்சுட்டு போயிருக்கான், இவன் துடைக்க வந்திருக்கான்.

பையன் அதுக்குள்ள கீழ உக்காந்து ஷூவை கழட்டிட்டான். ஒரு குச்சியால வழிச்சான், துணியால தேச்சான், டப்பால இருந்து ஏதோ க்ரீம் போட்டான், வேலை என்னவோ சுத்தமா தான் செஞ்சான், அப்புறம் ஷூவை திருப்பி பாத்துட்டு அடில தையல் விட்டிருக்குன்னு ஊசிய எடுத்தான். நான் ஷூவை பிடுங்கினேன். ஐநூறு கேட்டான். நான் ஹிந்தி தெரியாதுன்னு தமிழ்லயே பேசிக்கிட்டு இருந்தேன், அவன் ஹிந்திலயே பேசினான், பத்து நிமிஷம். கடைசில அம்பது ரூபா. அத்தை கேட்டுட்டு சொன்னது, இது அவங்க டெல்லி வந்த காலத்துல இருந்தே நடக்குது, அப்ப ரேட்டு அஞ்சு ரூபா.

டிசம்பர் 26, வெள்ளி

நேத்து சாயங்காலமே ஒரு ஏஜெண்ட் எங்களை மடக்கி நாளைக்கு ஆக்ரா பஸ்ஸு, ஏசி, லஞ்சோட ஆளுக்கு 1,200னு சொன்னான். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் லீவு. அதை கேட்டதும் கூசாம, ஆத்துக்கு அந்த பக்கம் தோட்டத்துல இருந்து இன்னும் நல்லா தெரியும் சார்ங்கறான். தெரியும் தான், முதுகு பக்கம்.

காலைல மலை மந்திர் போனோம். மார்கழி மாசம், அஞ்சரை மணி, எட்டு டிகிரி, படியெல்லாம் ஐஸு. 1973ல கும்பாபிஷேகம் ஆன சுவாமிநாத சுவாமி கோயில், கருங்கல் கட்டடம், உள்ள நுழைஞ்சா டெல்லிங்கறதே மறந்து போகுது. ஸ்வெட்டருக்கு மேல அங்கவஸ்திரம் போட்ட மாமாக்கள், முனிர்கால இருந்து நடந்தே வர்ற நம்ம ஊரு பசங்க. தொன்னைல பொங்கல், நெய் உறையறதுக்குள்ள சாப்பிடணும்.

பத்து மணிக்கு மேல குதுப் மினார். டிக்கெட் கவுண்டர்ல கூட்டம் முண்டுது, ஸ்கேன் பண்ணி போன்லயே வாங்கிட்டோம். ஆனா பாருங்க, போர்டுல இருக்கற க்யூஆர் கோடை மட்டும் தான் ஸ்கேன் பண்ணணும், ஒருத்தன் கழுத்துல ஒரு கோடை மாட்டிக்கிட்டு இதுல போட்டா க்யூ இல்லன்னு அலையறான். உள்ள ஒரு "கைடு", கார்டு கேட்டா வீட்ல இருக்குன்னான், தலைக்கு ஐநூறு குடுத்தா மேல ஏத்தி விடறேன்னான். 72.5 மீட்டர் கோபுரம், 1981ல உள்ள நெரிசல்ல 45 பேர் செத்தாங்க, அதுல இருந்து யாரையும் ஏத்தறதே இல்ல. டெல்லில ரெண்டே வகை தான் போல, தொறந்து கிடக்கறதை மூடிட்டாங்கங்கறவன், மூடினதை தொறந்து விடறேங்கறவன்.

இன்னொண்ணும் கவனிச்சேன். நாமளா போய் வழி கேட்ட டீக்கடைக்காரர், மெட்ரோ செக்யூரிட்டி, காலேஜ் பொண்ணுங்க ஒருத்தர் கூட தப்பா சொல்லல, ஒரு பொண்ணு எங்களோட ரெண்டு கேட் நடந்து வந்து விட்டுட்டு போனா. தானா வந்து பேசினவன் எல்லாம் ஏதோ ஒண்ணை விக்க தான் வந்தான்.

டிசம்பர் 27, சனி

சாந்தினி சௌக். நாளைக்கு ஞாயிறு, கடையெல்லாம் முக்காவாசி லீவு, அதனால இன்னைக்கே கூட்டிட்டு போயிட்டாங்க அத்தை. பகல்ல மெயின் ரோட்ல வண்டி விடறதில்ல, சைக்கிள் ரிக்‌ஷா தான். நூறு ரூபான்னு பேசி ஏறினா எறங்கும்போது தலைக்கு நூறுன்னு சொல்வாங்களாம், அதனால அத்தை ஏறறதுக்கு முன்னாடியே விரலால எங்களை எண்ணி காட்டி, ரிக்‌ஷாவை சுத்தி கையால ஒரு வட்டம் போட்டு, எல்லாம் சேத்து நூறு, திரும்ப சொல்லுன்னு அவர் வாயாலயே சொல்ல வச்சாங்க. அந்த ரிக்‌ஷாக்காரர் பாவம் வயசானவர், மிதிக்கறதை பாத்தா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, எறங்கி நூத்தம்பது குடுத்தோம்.

ஜிலேபி கனமா, விரல் தடிமன், நெய் வாசனை. தௌலத் கீ சாட்னு ஒண்ணு, குளிர் காலத்துல மட்டும் வரும், பால் நுரைய இலைத் தட்டுல அள்ளி மேல கோவாவும் சர்க்கரையும் தூவி தர்றாங்க, வாய்ல வச்சா வச்சதே தெரியல. அம்மா, "அறுபது ரூபாய்க்கு காத்தை குடுக்கறான், இதை எந்த ஏமாத்து லிஸ்ட்ல சேப்ப?"ன்னாங்க. எனக்கு பிடிச்சிருந்துச்சு, ரெண்டாவதும் வாங்கினேன்.

காரி பாவ்லில மிளகா மூட்டைக்கு நடுவுல நடந்தா ஊரே தும்முது. குங்குமப்பூ கிராம் எண்பது ரூபான்னு ஒருத்தன். அத்தை ஒரு இழைய எடுத்து தண்ணி பாட்டில் மூடில போட்டாங்க. உடனே தண்ணி ரத்தச் சிவப்பு, இழை வெளுத்து போச்சு. நல்ல பூன்னா மெதுவா மஞ்சளா தான் இறங்கும், இழை சிவப்பாவே கிடக்கும். கடைக்காரன் எங்களை விட சுவாரசியமா அதை எட்டி பாத்தான், அவனுக்கே புதுசா இருந்திருக்கும்.

திரும்பறப்ப ஆட்டோ, 180 ரூபா. நான் ஐநூறு நோட்டு குடுத்தேன். டிரைவர் வாங்கி கையை மடில வச்சாரு, தூக்கினா கைல நூறு ரூபா. "பாய் சாப், யே தோ சௌ கா ஹை." இது நூறு ரூபா நோட்டுங்கறாரு. ஒரு செகண்ட் நானே குழம்பிட்டேன். பின்னாடி சீட்ல இருந்து அம்மா கை நீண்டு வந்து அவர் இடது மணிக்கட்டை பிடிச்சிருச்சு. "தம்பி, கைய விரி." தமிழ்ல தான். அவர் விரிச்சாரு. உள்ள நாலா மடிச்ச ஐநூறு. அம்மா இருபது வருஷம் பெட்டிக்கடைல உக்காந்தவங்க, "இதெல்லாம் பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல பாக்காததா"ன்னு சொல்லிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி மஃப்ளரை சரி பண்ணிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நோட்டு குடுக்கும்போதெல்லாம் "பாஞ்ச் சௌ" (ஐநூறு)ன்னு சத்தமா சொல்லி, அவர் கண்ணு நோட்டை பாத்த அப்புறம் தான் விடறேன்.

டூரிஸ்ட்டுகளுக்கு கவர்மெண்ட்ல 1363னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, பன்னெண்டு மொழில பேசுவாங்க. ஜப்பானிய மொழி இருக்கு, கொரிய மொழி இருக்கு, இத்தாலிய மொழி கூட இருக்கு. தமிழ் இல்ல. எங்களுக்கு அத்தை இருக்காங்க, விடுங்க.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆக்ரா. பனி, ரயில் மூணு மணி நேரம் லேட், ஞாயித்துக்கிழமை கூட்டம். டிக்கெட் 50, மேல சமாதிக்குள்ள போக இன்னொரு 200. தாஜ்மஹால் நல்லா இருக்கு, அதை நான் சொல்ல வேண்டியதில்ல. மார்பிள் கடைக்கு போக மாட்டோம்னு ஆட்டோக்காரர்கிட்ட சொல்லிட்டே ஏறினோம், அப்படியும் ரெண்டு கடை வாசல்ல நிறுத்தினாரு, நாங்க எறங்கல. நைட்டு ஒரு மணிக்கு வீடு. கால் போயிடுச்சு.

டிசம்பர் 29, திங்கள்

நானும் அம்மாவும் அத்தையும் பாபா கரக் சிங் மார்க்ல எம்போரியம் (மாநில கவர்மெண்ட் கைவினை கடைங்க) போனோம். ஜன்பத் ரோட்டோரத்துல பஷ்மினான்னு சொல்லி முன்னூறு ரூபாய்க்கு சால்வை, மோதிரத்துக்குள்ள இழுத்து காட்டறாங்க, மெலிசா இருக்கற பாலியஸ்டரும் மோதிரத்துக்குள்ள போகும். காஷ்மீர் எம்போரியத்துல நிஜ பஷ்மினாவோட ரேட் சீட்டை அம்மா பாத்தாங்க, தொட்டு பாத்தாங்க, அப்படியே மடிச்சு வச்சுட்டாங்க. கம்பளி சால்வை ஒண்ணு 1,150க்கு வாங்கினோம், பில்லோட.

இன்னைக்கு விஷயம் மச்சான் தான். மச்சான் இப்ப யாரையும் நம்பாத நிலைமைக்கு வந்துட்டாரு. காலைல அக்காவையும் என் பையனையும் கூட்டிக்கிட்டு செங்கோட்டை கிளம்பினாரு. ஆர்.கே.புரத்துல ஆட்டோக்காரர், வயசான சர்தார்ஜி, செங்கோட்டைன்னதும் திரும்பி "இன்னைக்கு பந்த்"னாரு. மச்சான் சிரிச்சாராம். சிரிச்சுக்கிட்டே, தெரியும், எல்லாம் பந்த் தான், நீ மீட்டரை போட்டு ஓட்டுன்னாராம். சர்தார்ஜி ரெண்டு தடவை சொல்லி பாத்துட்டு மீட்டரை போட்டாரு. 2023ல மாத்தின ரேட்டு தான், முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30, அப்புறம் கிலோமீட்டருக்கு 11.

அங்க போனா நிஜமாவே மூடி கிடக்கு. திங்கக்கிழமை செங்கோட்டைக்கு வார லீவு. லோட்டஸ் டெம்பிளுக்கும் அக்‌ஷர்தாமுக்கும் கூட திங்கள் தான் லீவு. மச்சான் அப்பவும் விடல, நவம்பர்ல கோட்டை பக்கம் குண்டு வெடிச்சதுல இருந்து போலீஸ் கெடுபிடி வேற இருக்கா, ஒரு போலீஸ்காரர்கிட்ட போய் கேட்டிருக்காரு, அவரும் பந்த்ன்னாரு, போர்டை காட்டினாரு. மச்சான் போர்டை போட்டோ எடுத்தாராம். எதுக்குன்னு அக்காவுக்கே தெரியல.

சர்தார்ஜி போகாம ஓரமா நின்னிருக்காரு, திரும்பி வருவாங்கன்னு அவருக்கு தெரியும். ரோட்டோரம் சக்கரவள்ளிக் கிழங்கை சுட்டு, நறுக்கி, எலுமிச்சையும் மசாலாவும் போட்டு தர்றதை பையனுக்கு காட்டி குடுத்தாரு, தட்டு நாப்பது ரூபா, அவன் இந்த டிரிப்புலயே அது தான் பெஸ்ட்ங்கறான்.

வீட்டு வாசல்ல சத்தம் கேட்டு நாங்க எட்டி பாத்தோம். மீட்டர்ல 370. சர்தார்ஜி வெயிட்டிங்குக்கு இருபது சேத்து 390 கேக்கறாரு. மச்சான் குடுக்க மாட்டேங்கறாரு. மீட்டர்னா மீட்டர், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது, டெல்லிக்காரங்களை பத்தி எனக்கு தெரியும்னு தமிழும் இங்கிலீஷும் கலந்து, கையை ஆட்டி ஆட்டி. சர்தார்ஜி எங்களை பாக்கறாரு.

அத்தை மாடில இருந்தே கத்தினாங்க, "மாப்பிள்ள, அன்னைக்கு ராத்திரி ரெண்டாயிரத்தி எண்ணூறு ரூபாயை ஊமை மாதிரி எண்ணி குடுத்தீங்களே, அந்த மனுஷன் சொன்னதை நம்பாம போனதுக்கு இருபது ரூபா குடுத்தா என்ன?"

மச்சான் நானூறா குடுத்துட்டு, மீதி பத்து ரூபாய்க்கு கையை நீட்டிக்கிட்டு நின்னாரு.